அரிசி மூட்டைக்குள் ஒன்பது பாஸ்போட்

பூட்டை நான் நம்புவதில்லை. என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், சிரிக்கட்டும். யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில், பூட்டுப் போட்ட இடத்தைத்தான் முதலில் உடைப்பார்கள் என்று தெரிந்து வளர்ந்தவள் நான். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சொப்பின் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்துவிடுவோம். ஓடவேண்டி வந்தால் அரிசியைத்தான் முதலில் தூக்குவோம், அதோடு பத்திரங்களும் வந்துவிடும். மொன்றியலுக்கு வந்து இருபத்தொரு வருடமாகிவிட்டது. பியர்பொன்ட்ஸில் வீடும் வாங்கிவிட்டோம். ஆனாலும் எங்கள் சிட்டிசன்ஷிப் பேப்பர் இன்றைக்கும் குசினியில் அரிசி வாளிக்குள்தான் கிடக்கிறது. அந்தப் பழக்கத்தால் இரண்டு கோடைக்கு முன்பு நான் செய்த ஒரு வேலையை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். அங்கே எனக்குப் பக்கத்து மேசையில் நின்றவர் ஒரு ஹெயிற்றிப் பெண். வாய் ஓயாது, கையும் ஓயாது. அவர் கறுப்பினக் கலை விழா ஒன்றின் மேடைப் பின்வேலைகளுக்குப் பொறுப்பாளராகப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். “நீ ஒரு சாமானையும் துலைக்க மாட்டாய்” என்றார். கேட்டீர்களா! அந்த வார்த்தை எனக்குப் பிறகு எத்தனை தரம் நெஞ்சில் குத்தியது தெரியுமா.

என் வேலை உடை மாற்றும் அறைகளில். உடுப்புகளை அயன் செய்வது, தண்ணீர்ப் போத்தல் வைப்பது, கிழிந்ததைத் தைப்பது, ஆட்டக்காரர்களின் மோதிரம், போன், பேர்ஸ் எல்லாவற்றையும் பெயர் எழுதிய பைகளில் வாங்கி லொக்கரில் வைப்பது. எங்கள் மாதா கோயிலில் சில பெண்கள் “அவையளோடயோ வேலை? பயமில்லையோ?” என்று கேட்பார்கள். எனக்கு வரும் கோபம்! “உங்களோட இருக்கிறதிலும் பார்க்கப் பயமில்லை” என்று ஒருநாள் வெட்டிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு அவர்கள் கதைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

அந்த வருடம் ஐவரி கோஸ்டில் இருந்து ஒரு நடனக் குழு வந்திருந்தது. எட்டு ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு ஒரு தலைவி. தலைவிக்கு அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டக் கண்ணாடி. குழுவில் எல்லோரும் அவரை அத்தை முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் மனதுக்குள் பெரியம்மா என்று வைத்துக்கொண்டேன். அவர் ஒருமுறை பார்த்தால் போதும், அறையில் கிடக்கும் செருப்புகூட நேராகிவிடும்.

சனிக்கிழமை மத்தியானம், முதல் ஆட்டத்துக்கு முன், பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டு ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டை என் கையில் வைத்தார். ஒன்பது பாஸ்போட். அவர்கள் தங்கியிருந்த மாணவர் விடுதியில் பெட்டகம் இல்லையாம். போன பயணத்தில் வேறொரு நகரத்தில் ஒரு ஆட்டக்காரி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். அன்றிலிருந்து பாஸ்போட் எல்லாம் தன்னிடம்தானாம். அவர் பேசியது பிரெஞ்சு, எனக்கு விளங்கியது தமிழ். எனக்கு விளங்கினபடியே எழுதுகிறேன். “என்ர கையில மட்டும்தான் திருப்பித் தர வேணும். திங்கட்கிழமை பின்னேரம் எங்களுக்குப் பிளேன்.”

ஓம் என்று தலையாட்டி வாங்கினேன். பையில் போட்டுப் பெயர் எழுதி லொக்கரில் வைத்தேன். வைத்துவிட்டு நின்று பார்த்தேன். அதே லொக்கரை, சாவியைத் தேடச் சோம்பல்பட்டு, லைற் வேலை செய்பவர் ஒரு திருப்புளியால் திறந்து உள்ளே கிடந்த ஒட்டு ரேப்பை எடுத்ததை நான் இரண்டு நாளைக்கு முன்னர்தான் என் கண்ணால் கண்டிருந்தேன். ஒன்பது பேர் ஊர் திரும்புவது அந்தத் தகரக் கதவை நம்பியா? எனக்கு மனம் கேட்கவில்லை.

வெறும் பையை லொக்கரிலேயே விட்டுவிட்டு, பாஸ்போட்டுகளை என் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மெற்றோவிலும் பஸ்ஸிலும் கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி இருந்தேன். வீட்டில் குசினி வாளி சரிவராது, மனுசன் அரிசி அளக்க நாளுக்கு இரண்டு தரம் அதற்குள் சுண்டு விடுவார். நிலவறையில் பிரிக்காத பத்துக் கிலோ சம்பா மூட்டை ஒன்று இருந்தது. அதன் வாய்த்தையலை மெதுவாகப் பிரித்து, இரண்டு சொப்பின் பையில் சுற்றிய கட்டை அடிவரைக்கும் இறக்கி, அதே ஓட்டையில் ஊசி விட்டுத் திரும்பத் தைத்தேன். தையலைப் பார்த்து எனக்கே பெருமை. கணவரிடம் சொல்லவில்லை. ஒளித்த இடம் ஒருவருக்குத்தான் தெரியவேண்டும் என்பதும் அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே அரங்குக்குப் புறப்பட்டுவிட்டேன். இரண்டாவது ஆட்டம் பின்னேரம் இரண்டு மணிக்கு. பதினொன்றரைக்குப் பொறுப்பாளர் அறைக்குள் தலையை நீட்டினார்.

“தலைவிக்கு அந்தப் பாஸ்போட் எல்லாம் வேணுமாம். நாளையப் பிளேனுக்கு இண்டைக்கே கொம்பியூட்டரில செக்-இன் செய்யப் போறாவாம். ஒரு மணிக்கு முன்னம் எடுத்துக் குடு.”

“குடுக்கிறன்” என்று சொன்னேன். அந்த நேரமே “வீட்டில வைச்சிட்டன்” என்று சொல்லியிருக்கலாம். என்ன பெரிய குற்றம்? இரண்டு திட்டு விழுந்திருக்கும். ஆனால் நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: மனுசனைக் காரில் கொண்டுவரச் சொன்னால் நாற்பது நிமிடம், ஒருவருக்கும் தெரியாமல் விசயம் முடிந்துவிடும். கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு போன் எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, கீழ நிலவறையில ஒரு அரிசி மூட்டை கிடக்கெல்லே…”

“அதோ? அதைக் கோயிலுக்குக் குடுத்திட்டனே.”

“என்னது?”

“இண்டைக்கு மாதா திருநாள் எல்லே. சமையலுக்கு ஒரு மூட்டை தாறம் எண்டு போன ஞாயிறு நீர்தானே பங்குச் சுவாமியிட்டச் சொன்னனீர். எட்டு மணிக்கே இறக்கிப்போட்டு வந்திட்டன். உடைக்காத மூட்டைதான், பார்த்துத்தான் எடுத்தனான்.”

ஐயோ, என் தையலே! மடுமாதாவே, நான்தான் சொன்னேன். பூசை முடிந்து வாசலில் நின்றபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பெரிய கொடையாளி போல நான்தான் சொன்னேன். அப்படியே கழிவறை மூடியின்மேல் இருந்துவிட்டேன்.

“உதுக்குள்ள ஒன்பது பாஸ்போட் கிடக்கு” என்றேன்.

“ஆரின்ர பாஸ்போட்?” என்றார்.

“இஞ்ச ஆட வந்த ஆக்களின்ர.”

“உமக்கென்ன விசரோ?” என்று கத்தினார். என் மனுசன் இலேசில் கத்தாதவர். “அங்க பதினொரு மணிக்கு உலை வைச்சிருப்பாங்களடியப்பா!”

“போங்கோ. கேள்வி கேட்காமல் போங்கோ. ஒருத்தருக்கும் என்ன எண்டு சொல்லாதேங்கோ.”

அந்தக் கடைசி வசனத்தை ஏன் சொன்னேன்? அதைச் சொன்னால்தான் என் பயம் உங்களுக்கு விளங்கும். இந்த நாட்டுக்கு நான் வேறொருத்தியின் பாஸ்போட்டில் வந்தவள். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி எனக்கு முன்னால் அந்தப் படத்தையும் என் முகத்தையும் மூன்று தரம் மாறி மாறிப் பார்த்தார். நான் நானில்லை என்று அவருக்குத் தெரிந்த அந்த நிமிடம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அகதி விசாரணை முடிந்து, எல்லாம் ஒழுங்காகி, நானே இந்த நாட்டின் பாஸ்போட் வைத்திருக்கிறேன். ஆனாலும் யாராவது அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரத்துச் சொன்னால் என் உள்ளங்கை வேர்க்கும். இப்போது ஒன்பது பாஸ்போட், அதுவும் பிறத்தியாரின் பாஸ்போட், ஒரு யாழ்ப்பாணத்துக்காரியின் கையால் காணாமல் போயிருக்கிறது. பாஸ்போட் விற்கிறவர்கள் என்று எங்கள் ஆட்களைப் பற்றி ஊரெல்லாம் கதை. அரிசிக்குள் வைத்தேன் என்று சொன்னால் எந்தப் பொலிஸ்காரன் நம்புவான்? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

அறைக்குத் திரும்பி வந்தேன். ஆட்டக்காரர்கள் உடம்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். சுவரில் இருந்த ஸ்பீக்கரில் மேடையின் சத்தம் கேட்டது, யாரோ மத்தளங்களைத் தட்டித் தட்டிச் சுருதி பார்த்தார்கள். நான் அயன் பெட்டியை எடுத்து, ஏற்கெனவே அயன் செய்த துணியை இன்னொரு தரம் அயன் செய்தேன். பன்னிரண்டு பத்து. போன் இல்லை. பன்னிரண்டு இருபது. அதுவரைக்கும் மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன், மனுசன் எடுக்கவில்லை. உலைக்குள் கட்டு விழுந்து அவிந்துகொண்டிருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

அப்போது பெரியம்மாவும் பொறுப்பாளரும் வந்தார்கள். பெரியம்மாவுக்குப் பொறுமை முடிந்துவிட்டது. பொறுப்பாளரிடம் லொக்கருக்கு இன்னொரு சாவி இருந்தது. எனக்கு அது நினைவே இல்லை. திறந்து, பெயர் எழுதிய பையை எடுத்து, தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். “நேற்று நீ பூட்டினனி எல்லே?”

“ஓம்” என்றேன். பொய்யில்லை, பூட்டினேன்தான். வெறும் பையை வைத்துப் பூட்டினேன்.

பெரியம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே ஓர் ஆட்டக்காரியின் முன்னால் போய் நின்றார். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். நடுவில் நின்று ஆடுகிறவள், நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு. அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இந்த நகரத்தில் இருக்கிறாள். முதல்நாள் அந்த அக்கா பார்க்க வந்து, இருவரும் வாசலில் கட்டிப்பிடித்து அழுததை எல்லோரும் கண்டோம். போதாததற்கு, எல்லோரும் மேடைக்குப் போன பிறகு போன் சார்ஜரை விட்டுவிட்டேன் என்று இவள் தனியாக இந்த அறைக்குத் திரும்பியும் வந்திருந்தாள்.

“எங்க வைச்சிருக்கிறாய்?” என்று பெரியம்மா கேட்டார்.

“எதை?”

“நீ நிற்கப் போறாய் எண்டால் உன்ரயை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே. எங்கள் எல்லாற்றையும் ஏன் எடுத்தனி?”

பிறகு அவர்களுடைய மொழியில் வெடித்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இல்லை. அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டுகிறாள், மார்பில் கை வைத்துச் சத்தியம் செய்கிறாள். மற்ற ஏழு பேரும் சுவரோடு ஒதுங்கிவிட்டார்கள். பெரியம்மா அவளுடைய பையை எடுத்து நிலத்தில் கொட்டினார். எண்ணெய்ப் போத்தல், உள்ளுடுப்புகள், ஒரு பைபிள், டொலர் கடையில் வாங்கிய குழந்தைச் சட்டைகள் மூன்று, விலைத்துண்டுகூடக் கழற்றாமல். உள்ளுடுப்பு எல்லோர் முன்னாலும் கிடந்தது. அவள் குனிந்து அதைத்தான் முதலில் பொறுக்கினாள்.

நான் நான்கு அடி தள்ளி நின்றேன். கையில் அயன் பெட்டி. சொல்லவேண்டியது இரண்டு சொல்: நான்தான் எடுத்தேன், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அப்போது பொறுப்பாளர் தாழ்ந்த குரலில், “பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும் போல” என்றார். திறந்த வாயை நான் மூடிவிட்டேன்.

சீ, என்னைப் பற்றி நானே எழுதும்போது கை கூசுகிறது. அவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குழுவை விட்டுத் தள்ளுவார்கள். இனி ஒரு நாடும் அவளுக்கு விசா கொடுக்காது. குழந்தைக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கிற தொழில் போய்விடும். எல்லாம் தெரிந்துகொண்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். பதினைந்து நிமிடம். அவள் ஒரு தரம் என் பக்கம் திரும்பினாள். அந்த அறையில் அவளைத் திட்டாமல் நின்ற ஒரே பெரிய ஆள் நான் என்பதால் இருக்கும், “நீங்களாவது சொல்லுங்கோ, நான் அந்த லொக்கர்ப் பக்கமே போகேல்லை” என்றாள். நான் கண்ணைத் துணியில் வைத்துக்கொண்டேன். துணி கருகி மணந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அங்கேயே, எல்லோர் முன்னாலும் எடுத்தேன்.

“கிடைச்சிட்டுது” என்றார் என் மனுசன். மூச்சு வாங்கியது அவருக்கு. “கடைசி மூட்டை. கத்தியோட நிண்டவங்கள், பிடுங்கிப்போட்டன். ஒன்பதும் கிடக்கு. ஒரு தண்ணியும் படேல்லை.”

“கொண்டு வாங்கோ” என்றேன்.

போனை வைத்தேன். அதற்குப் பிறகு என் நாக்கு என்ன சுகமாகப் பேசியது! “பாஸ்போட் என்னட்டத்தான் இருக்கு. லொக்கர் சரியில்லை எண்டு நான் வீட்டுக்குக் கொண்டுபோனனான். என்ர மனுசன் இப்ப கொண்டு வாறார். அந்தப் பிள்ளை எடுக்கேல்லை.”

பொறுப்பாளரின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். பதினொரு வருடம் பக்கத்தில் நின்ற மனுசி. “ஏன் முதலே சொல்லேல்லை?” என்று கேட்டார்.

“பயம்” என்றேன்.

ஒன்று இருபதுக்கு என் கணவர் வந்தார். திருநாளுக்கு உடுத்த வெள்ளைச் சேட், கையெல்லாம் அரிசித் தூள். பெரியம்மா கட்டை வாங்கி, பிரித்து, ஒவ்வொன்றாகப் படம் பார்த்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிறகு அந்த ஆட்டக்காரியின் பக்கம் போய் அவளுடைய தலையில் கை வைத்து, அவர்கள் மொழியில் நெடுநேரம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் சரி என்பதுபோலத் தலையை அசைத்தாள். பெரியவர் ஒருவர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது, தலையை அசைக்கத்தான் வேண்டும்.

பொறுப்பாளர் என்னைப் பொலிசிடம் கொடுக்கவில்லை, வேலையை விட்டு அனுப்பவுமில்லை. “லொக்கர் சரியில்லை எண்டு என்னட்ட வந்து சொல்ல ஏலாதோ உனக்கு?” என்று மட்டும் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் இவ்வளவு பயந்ததெல்லாம் ஒரு திட்டோடு முடிந்துவிட்டது. கோயிலிலும் சாப்பாடு நேரத்துக்கு நடந்ததாம்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. மற்றவர்கள் மேடை ஓரத்துக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அழுது கலைந்த மையைத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேற்சட்டைக்கு முதுகில் நாடா. கட்டிவிடுவது என் வேலை. நான் பின்னால் போய் நின்றேன். கண்ணாடிக்குள் இருவர் முகமும் தெரிந்தது.

“என்னை மன்னியுங்கோ” என்றேன்.

அவள் மையை இழுத்து முடித்தாள். அவசரப்படவில்லை. “உங்களுக்குப் போன் வந்த பிறகுதானே வாயைத் திறந்தனீங்கள்?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“அது வராமல் இருந்திருந்தால்?”

சொல்லியிருப்பேன் என்ற பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து நான் சொன்னதெல்லாம் அந்த மாதிரியான பதில்கள்தான். அவள் கண்ணாடிக்குள் என் முகத்தை, அந்த விமான நிலைய அதிகாரி பார்த்ததைப்போல, விடாமல் பார்த்தாள்.

“தெரியாது” என்றேன்.

ஸ்பீக்கரில் எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் நாடாவுக்குக் கை நீட்டினேன். அவள் ஓர் அடி முன்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வளைத்துத் தானே கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் கோணலாக விழுந்த அந்த முடிச்சோடு ஆடப் போனாள்.